பாப்பாபட்டி பாடத்தில் இருக்கிறதா?

மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996-இல் இந்த நான்கு ஊராட்சிகளின் தலைவர் பதவியும் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்திருந்தது. தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் நிறைவேறியிருந்தது. தேர்தலை நடத்த மாநிலத் தேர்தல் ஆணையமும் இருந்தது. ஆனாலும் பத்து ஆண்டுகள் அந்த ஊர்களில் தலைவர் என்று ஒருவர் நிலைக்கவில்லை. வேட்புமனு போட ஆள் வராத தேர்தல்கள் உண்டு. பொறுப்பேற்ற கையோடு பதவி விலகியவர்களும் உண்டு. 2006 அக்டோபரில்தான் நான்கு ஊர்களிலும் தேர்தல் ஒழுங்காக நடந்து, தலைவர்கள் நாற்காலியில் அமர்ந்தார்கள்.

ஒதுக்கீடு என்ற விதி 1996-இல் இருந்ததுபோலத்தான் 2006-இலும் இருந்தது. மாறியவை வேறு. கட்சிகளும் இயக்கங்களும் ஆண்டுக்கணக்கில் கொடுத்த அழுத்தம் ஒன்று. தேர்தலை நடத்தியே தீருவது என்ற மாநில அரசின் உறுதி இன்னொன்று. அப்போதைய மாவட்ட ஆட்சியர் உதயச்சந்திரன் ஊர்களுக்கு நேரில் போய், ஊர்ப் பெரியவர்களோடு பொறுமையாகப் பேசியது மூன்றாவது. சட்டம் இருந்தும் நடக்காத ஒன்று, அதே சட்டத்தின் கீழ் பிறகு எப்படி நடந்தது? பொதுக் கொள்கை என்ற படிப்பின் மையக் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இன்று பட்டப்படிப்பு முடித்த பல இளைஞர்கள் பொதுக் கொள்கை, ஆளுகை, தலைமைத்துவம் என்ற பெயர்களில் வரும் முதுகலைப் படிப்புகளைத் தேடுகிறார்கள். கல்லூரியின் தரவரிசையையும் கட்டணத்தையும் பார்ப்பதற்கு முன், அந்தப் படிப்பு இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுத்தருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெயர்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்பது நல்லது. பொது நிர்வாகவியல் நம்மிடம் பழையது. சென்னைப் பல்கலைக்கழகம் 1937-இலேயே அதில் பட்டயப் படிப்பு தொடங்கியது. அப்போது அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பொது நிர்வாகத்துக்கென்று தனிப் பள்ளி தோன்றி ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதுவே இன்றைய கென்னடி பள்ளி. சுதந்திரத்துக்குப் பின் பால் ஆப்பிள்பி 1953-இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1954-இல் தில்லியில் இந்தியப் பொது நிர்வாகவியல் நிறுவனம் அமைந்தது. அரசு அலுவலகம் எப்படி இயங்குகிறது, அதிகாரம் எப்படிப் பிரிகிறது, ஊழியர்களை எப்படி நடத்துவது என்பவை நிர்வாகவியலின் கவலைகள்.

பொதுக் கொள்கை அதன் அடுத்த தலைமுறை. 1951-இல் ஹரால்டு லாஸ்வெல் ‘கொள்கை அறிவியல்கள்’ என்ற எண்ணத்தை முன்வைத்தபோது, பல துறைகளின் அறிவைச் சேர்த்து, ஒரு குறிப்பிட்ட பொதுச் சிக்கலின் மேல் பிரயோகிப்பது என்பதே அவர் நோக்கமாக இருந்தது. பொருளியலும் புள்ளியியலும் சட்டமும் அரசியலும் ஒரே மேசைக்கு வரவேண்டும். இந்தியாவில் இந்த வகைப் படிப்புகள் பெருகியது அண்மையில்தான். பெங்களூரு இந்திய மேலாண்மைக் கழகம் 2002 வாக்கில் அரசு அதிகாரிகளை மனத்தில் வைத்து ஒரு படிப்பைத் தொடங்கியது. 2010-க்குப் பின் அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம், ஜிண்டால் பல்கலைக்கழகத்தின் அரசு மற்றும் பொதுக் கொள்கைப் பள்ளி, பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி, ஹைதராபாத்தின் கௌடில்யா பள்ளி என்று பட்டியல் நீண்டது. வளர்ச்சியியல், சமூகப்பணி, ஊரக மேம்பாடு ஆகியவை இதன் நெருங்கிய உறவுகள். பெயர் வேறானாலும் பாடங்கள் பாதிக்குமேல் ஒன்றாக இருப்பதும், பெயர் ஒன்றானாலும் பாடங்கள் முற்றிலும் வேறாக இருப்பதும் இத்துறையில் சகஜம். ஆகவே பட்டத்தின் பெயரை நம்பித் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. பருவவாரியான பாடத்திட்டத்தை முழுதாக வாங்கிப் படிக்க வேண்டும்.

அப்படிப் படிக்கும்போது எதைத் தேடுவது? அரிட்டாபட்டியை ஒரு சோதனையாக வைத்துச் சொல்கிறேன். மேலூர் வட்டத்தில் குன்றுகளும் கண்மாய்களும் சுனைகளும் பாண்டியர் காலக் குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் உள்ள ஊர் அது. 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் கிராமங்களின் 193.42 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக மாநில அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டுகளில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதியின் ஏலத்தில் இந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வாகியிருப்பதாக ஒன்றிய அரசு அறிவித்தது. ஊர்கள் திரண்டன. கிராம சபைகள் தீர்மானம் போட்டன. டிசம்பர் 9 அன்று சட்டப்பேரவை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரியில் மேலூர்ப் பகுதி மக்கள் மதுரை நகருக்குப் பெரும் பேரணியாக வந்தார்கள். அந்த மாதம் 23-ஆம் தேதி ஏலம் ரத்தானது.

இந்த மூன்று மாதக் கதையை ஒரு மாணவர் புரிந்துகொள்ள என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டம் 2023-இல் திருத்தப்பட்டு, முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் ஒன்றிய அரசின் கைக்குப் போனது என்ற சட்ட அறிவு வேண்டும். டங்ஸ்டன் ஏன் ‘முக்கியக் கனிமம்’ ஆயிற்று, அதற்கு நாடு ஏன் இறக்குமதியை நம்பியிருக்கிறது என்ற பொருளியல் வேண்டும். குன்றில் விழும் மழை எந்தக் கண்மாய்க்கு எந்த வரத்துக்கால் வழியாகப் போகிறது என்ற நீரியல் வேண்டும். கிராம சபைத் தீர்மானத்துக்குச் சட்டப்படி எவ்வளவு வலு, அரசியல்படி எவ்வளவு வலு என்ற வேறுபாடு தெரிய வேண்டும். ஒரு திட்டத்தின் செலவையும் பயனையும் கணக்கிடும்போது யாருடைய இழப்பு கணக்கில் வராமல் போகிறது என்று கேட்கத் தெரிய வேண்டும்.

இவற்றைத் தனித்தனித் தாள்களாக மட்டும் நடத்தி, ஒரு வழக்கில் சேர்த்துப் பயிற்றாத படிப்பு குறையுடையது. புள்ளியியலும் வரவுசெலவுத் திட்ட வாசிப்பும் கட்டாயத் தாள்களாக இல்லாத படிப்பை இன்னும் கூடுதலான ஐயத்தோடு பார்க்க வேண்டும். நம் கலைக்கல்லூரி மாணவர்கள் பலர் கணக்குக்குப் பயந்தே சமூக அறிவியலுக்கு வருகிறார்கள். அவர்கள் தயங்குவது எனக்குப் புரிகிறது. ஆனால் மாநில நிதிக்குழு ஊராட்சிகளுக்குப் பணத்தை எந்த விகிதத்தில் பிரிக்கிறது என்று படித்துச் சொல்ல முடியாத கொள்கைப் பட்டதாரி, கூட்டத்தில் மற்றவர்கள் போட்ட கணக்கை ஏற்றுக்கொள்ள வேண்டிய நிலையில்தான் இருப்பார்.

களத்துக்குப் போய்ப் படிக்கும் மரபை நாம் வெளியிலிருந்து கற்க வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியலுக்கான முதல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி, நிலம் யாருடையது, கூலி எவ்வளவு, கடன் எவ்வளவு, என்ன சாப்பிடுகிறார்கள் என்று எழுதிவரச் சொன்னார். 1918-இல் நூலாக வந்த அந்த ஆய்வில் இடம்பெற்ற ஊர்களில் ஒன்று அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தின் வடமலைபுரம். சிவகாசிப் பக்கம், மதுரையிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பும் தூரம். பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் 1930-களில் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். பின்னர் வந்த ஆய்வாளர்களும் போனார்கள். ஒரே ஊரைத் தலைமுறை தலைமுறையாகத் திரும்பத் திரும்பப் பார்த்த இத்தகைய ஆவணம் உலகில் அதிகம் இல்லை. கொள்கைப் படிப்பு ஒன்று தன் மாணவரை இரண்டாண்டில் எத்தனை வாரம் ஊரில் தங்க வைக்கிறது, தங்கி எழுதியதை யார் திருத்துகிறார் என்பதைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். தலைநகரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் உட்கார்ந்து அறிக்கை தொகுப்பதும் ‘களப்பயிற்சி’ என்றே பல இடங்களில் கணக்காகிறது.

மதுரை வட்டாரத்தில் அரசு என்பது எப்போதும் நன்மை செய்யும் கருவியாக மட்டும் இருந்ததில்லை. பாப்பாபட்டி இருக்கும் அதே உசிலம்பட்டிப் பகுதியில், பிரமலைக் கள்ளர்கள் முழுச் சமூகமாகவே குற்றப் பழங்குடிச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரப்பட்டார்கள். கைரேகை வைக்க வேண்டும், ஊரைவிட்டுப் போகச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தார்கள். மறுபுறம், அதே காலத்தில் தொடங்கிய கள்ளர் சீரமைப்புத் திட்டத்தின் பள்ளிகள் இன்றும் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் பிள்ளைகளுக்குப் படிப்பு தருகின்றன. குற்றப் பழங்குடிச் சட்டம் 1947-இல் சென்னை மாகாணத்தில் ஒழிந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, ஒரு காலத்தில் அரசின் கொடுமைக்கு ஆளான அதே பகுதியில்தான், ஊரில் வலுவான நிலையில் இருந்தோர் தமக்குக் கீழே வைத்திருந்தவர்களின் பதவி உரிமையை ஏற்க மறுத்தார்கள். மேலூர்ப் பக்கம் மேலவளவில் மறுப்பு கொலையாகவே முடிந்தது. ஒதுக்கப்பட்ட ஊராட்சியின் தலைவர் முருகேசனும் உடன் வந்தவர்களும் 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொல்லப்பட்டார்கள். இந்த வரலாற்றை அடிக்குறிப்பாகத் தள்ளிவிட்டு ‘அமலாக்க இடைவெளி’ என்ற ஒற்றைச் சொல்லால் கடந்துபோகும் பாடத்திட்டம் எந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துடையதானாலும் எனக்கு ஏற்புடையதல்ல. சாதியும் அதிகாரமும் தனித் தாளாக, நல்ல ஆசிரியரோடு இருக்க வேண்டும்.

தலைமைத்துவம் என்ற சொல்லுக்கு வருவோம். கவர்ச்சியும் மயக்கமும் நிறைந்த சொல் இது. பேச்சுப் பயிற்சி, ஆளுமை வளர்ச்சி, குழு விளையாட்டு என்று அதைச் சுருக்கிவிடும் படிப்புகள் உண்டு. ஹார்வர்டின் கென்னடி பள்ளியில் நெடுங்காலம் தலைமைத்துவம் நடத்திய ரொனால்ட் ஹைபெட்ஸ் ஒரு பயனுள்ள பிரிப்பைச் செய்தார். சில சிக்கல்கள் தொழில்நுட்பச் சிக்கல்கள். தெரிந்தவர் வந்து தீர்க்கலாம். வேறு சில, மக்கள் தங்கள் பழக்கத்தையும் நம்பிக்கையையும் விட்டுக்கொடுத்தால் ஒழியத் தீராதவை. முதல் வகைக்குச் செய்யும் வைத்தியத்தை இரண்டாம் வகைக்குச் செய்வதே தலைமையின் பெருந்தோல்வி என்பது அவர் வாதம். பாப்பாபட்டியில் பத்து ஆண்டுகள் அதுதான் நடந்தது. மறுபடி அறிவிக்கை, மறுபடி காவல் பாதுகாப்பு, மறுபடி தேர்தல் தேதி. ஊரின் மனத்தோடு பேசியது கடைசியில்தான்.

இதற்கு முன்னோடி மதுரை நகருக்குள்ளேயே இருக்கிறது. 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே அனுமதிக்கப்படாத சாதிகளைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைந்தார். கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு வாசலை அடைக்காமல் வரவேற்றார். நுழைந்தவர்கள்மீதும் அனுமதித்தவர்கள்மீதும் வழக்குப் பாயக்கூடும் என்ற நிலையில், ராஜாஜி தலைமையிலான மாகாண அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து காப்பளித்தது. அது அதே ஆண்டில் முறையான சட்டமாயிற்று. இயக்கத் தலைவர், அதிகாரி, ஆட்சியாளர் என்ற மூன்று வகைத் தலைமை, மூன்று வகைத் துணிவு. இவற்றில் நாயுடுவின் துணிவுதான் அதிகம் பேசப்படாதது. கொள்கைப் படிப்பு முடித்துப் பணிக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அமரப்போவது அவருடைய நாற்காலியில்தான். அவர் அன்று காலையில் எதையெல்லாம் எடைபோட்டிருப்பார் என்று ஒரு வகுப்பு முழுதும் விவாதிக்கலாம்.

சின்னப்பிள்ளையையும் சொல்ல வேண்டும். அழகர்கோவில் பக்கத்துப் புல்லுச்சேரியைச் சேர்ந்த, பள்ளிக்கூடம் போகாத விவசாயக் கூலித் தொழிலாளி. வேலைக்குப் போகும் பெண்களின் கொத்துத் தலைவியாக இருந்து கூலி பேசியவர், பிறகு களஞ்சியம் சேமிப்புக் குழுக்களின் தலைவியானார். 2001 ஜனவரியில் ஸ்திரீ சக்தி விருது வழங்கியபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டு வணங்கியது நாடெங்கும் செய்தியாயிற்று. 2019-இல் பத்மஸ்ரீ. அவருடைய தலைமையைப் பட்டம் உருவாக்கவில்லை என்பதால் பட்டம் வீண் என்று முடிவு கட்டுவது பிழை. களஞ்சியத்தை வங்கிக் கடனோடு இணைத்து விரிவாக்கியதில் தொழில்முறைப் படிப்பு படித்தவர்களின் பங்கும் உண்டு; களஞ்சியத்தை நடத்தும் தானம் அறக்கட்டளையை நிறுவிய வாசிமலை அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் படித்தவர். இவ்விருவரும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசும் நிலைமையை உண்டாக்கும் படிப்பே நமக்குத் தேவை.

மதுரையைச் சுற்றியே தொடங்கலாம். சின்னாளபட்டியை ஒட்டிய காந்திகிராமம், டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-இல் உருவாக்கியது. 1956-இல் அங்கே ஊரக உயர்கல்வி நிறுவனம் எழுந்து, 1976-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அதன் அரசியல் அறிவியல் மற்றும் வளர்ச்சி நிர்வாகத் துறையிலிருந்து பேராசிரியர் க. பழனித்துரை பஞ்சாயத்து ஆட்சி பற்றிச் செய்த ஆய்வுகளும், தேர்வான ஊராட்சித் தலைவர்களுக்கு நடத்திய பயிற்சிகளும் ஒரு தனி நூலகம் அளவுக்கு உண்டு. மாணவர்கள் ஊரில் தங்கிக் கற்பது அங்கே பாடத்தின் அங்கம். வாடிப்பட்டி வட்டத்தில் 2000-இல் டாடா-தான் அகாடமி என்ற பெயரில் தொடங்கிய கல்விக்கூடம் வகுப்பையும் களத்தையும் மாற்றி மாற்றி வைத்து, வளர்ச்சி மேலாண்மையில் இரண்டாண்டுப் பயிற்சியைக் கட்டமைத்தது. 1966-இல் தோன்றிய மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் அதன் இணைப்புக் கல்லூரிகளும் சமூக அறிவியலின் அடித்தளத்தைத் தருகின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிக்க வேண்டியவர்களுக்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் பொது நிர்வாகவியலில் முதுகலை வைத்திருக்கின்றன. கட்டணம் குறைவு, பாடநூல்கள் தரமானவை. களம் மட்டும் கிடையாது. அதை மாணவரே தேடிக்கொள்ள வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள் நடக்கின்றன, மதுரை மாவட்டத்தில் மட்டும் 420 ஊராட்சிகள் இருக்கின்றன.

மாநிலத்துக்குள் இன்னும் இரண்டு வாசல்கள். சென்னை ஐஐடியின் வளர்ச்சியியல் முதுகலை ஒன்று. மற்றொன்று 2022-இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, உதவித்தொகை கொடுத்து, இரண்டாண்டு அரசுத் துறைகளோடு பணியாற்ற வைத்து, திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனம் வழியாகப் பொதுக் கொள்கையில் சான்றிதழும் தரும் ஏற்பாடு அது. கட்டணம் கட்டிப் படிக்க முடியாத குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நேரடியான பாதை குறைவு. தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சரியானது.

வெளிநாட்டுப் படிப்பைப் பற்றி என் கருத்து சற்றுக் கறாரானது. ஆக்ஸ்போர்டின் பிளவட்னிக் பள்ளி ஓராண்டு, கென்னடி பள்ளியின் பொதுக் கொள்கை முதுகலை இரண்டாண்டு, சிங்கப்பூரின் லீ குவான் யூ பள்ளி நமக்கு அருகில். ஆசிரியர்களும் உடன் படிப்போரும் அங்கே அபாரமானவர்கள். செவ்னிங் போன்ற முழு உதவித்தொகையோ, பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அரசு தரும் அயல்நாட்டுக் கல்வி உதவியோ கிடைத்தால் தயங்காமல் போகலாம். வீட்டை அடகு வைத்துப் போகக் கூடாது. பொறியியல் பட்டதாரிக்குக் கிடைப்பது போன்ற சம்பளம் இத்துறையில் தொடக்கத்தில் கிடைப்பதில்லை. கடன் சுமை ஏறியவர் முதலில் கைவிடுவது மேலூரிலோ செல்லம்பட்டியிலோ வேலை செய்யும் எண்ணத்தைத்தான். கூடுதல் சம்பளம் தரும் ஆலோசனை நிறுவனத்துக்குப் போய்விடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

அதைவிட, அங்கே போய்ப் படிக்கும் பாடங்களில் சில இங்கிருந்து போனவை. 1976-இல் வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1993 முதல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் வழக்காய்வாக உலகம் முழுதும் நடத்தப்படுகிறது. பணம் கட்டுவோரின் வருவாயில் கட்ட முடியாதோருக்கும் அறுவைச் சிகிச்சை செய்யும் முறை எப்படி நிற்கிறது என்பது அதன் பாடம். பள்ளிக் காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பர் 15 அன்று முதல்வர் மு. க. ஸ்டாலின் தொடங்கிவைத்ததும் மதுரையின் ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப்பள்ளியில்தான். முதலில் 1,545 பள்ளிகளில் வைத்துப் பார்த்து, பின் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுதும் விரித்தது, ஒரு திட்டத்தை எப்படிச் சோதித்து வளர்ப்பது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

மொழிச் சிக்கலைத் தள்ளிப்போட முடியாது. இந்தப் படிப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் நடக்கின்றன. ஊராட்சித் தீர்மானப் புத்தகமும் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலும் சிட்டாவும் தமிழில் இருக்கின்றன. அரசாணைகள் பல ஆங்கிலத்தில் வந்தவை. இரண்டு மொழியிலும் எழுதத் தெரிந்தவரே இரண்டு பக்கத்துக்கும் பயன்படுவார். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் ஆங்கிலக் கட்டுரை எழுதத் திணறும்போது தனிப் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டா என்று கேட்க வேண்டும். நகரத்தில் ஆங்கிலவழியில் படித்தவர் ஒரு பட்டா மாறுதல் மனுவைத் தமிழில் வாசித்துப் புரிந்துகொள்ளப் பயிற்சி உண்டா என்றும் அதே தீவிரத்தோடு கேட்க வேண்டும். முதல் கேள்வியைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவதை யாரும் கேட்பதாகத் தெரியவில்லை.

காந்திகிராமம், காமராசர் பல்கலைக்கழகம், வாடிப்பட்டியின் அகாடமி, அரவிந்தின் பயிற்சி நிறுவனம், 2004 முதல் இயங்கும் உயர்நீதிமன்றக் கிளை எல்லாமே சுமார் அறுபது கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருக்கின்றன. இவற்றின் ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஊராட்சித் தலைவர்களும் சேர்ந்து நடத்தும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஆன ஓராண்டுப் படிப்பு ஒன்றை வடிவமைப்பது நிதியால் தடைபடும் காரியம் அல்ல. முதல் பருவத்தில் ஊராட்சி வரவுசெலவும் புள்ளியியலும் சட்ட வாசிப்பும். இரண்டாவதில் பெருங்காமநல்லூர், கோயில் நுழைவு, மேலவளவு, பாப்பாபட்டி, அரிட்டாபட்டி என்ற ஐந்து வழக்குகள். இடையில் ஒரே ஊராட்சியில் பத்து வாரத் தங்கல். சேர்க்கையில் பாதி இடங்களைப் பதவியில் இருக்கும் உள்ளாட்சி உறுப்பினர்களுக்கும் ஊராட்சிச் செயலர்களுக்கும் ஒதுக்கலாம். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடம் உண்டு என்பதால், வகுப்பின் கணிசமான பகுதி பெண் தலைவர்களாகவே இருப்பார்கள். இந்த ஒதுக்கீட்டில் வருவோரின் கட்டணத்தை ஊரக வளர்ச்சித் துறை ஏற்க வேண்டும்.